பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களில் 'ஐ' எழுத்தைச் சேர்த்தால் மைஎஸ்க்யூஎல்ஐக்கு மாறிவிடுமா?

மாறாது. பிஎச்பி மொழியில் எழுதிய தளத்தை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைத்த பழைய நீட்சிக்குப் பதிலாக வந்ததே மைஎஸ்க்யூஎல்ஐ. 2013இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பிலேயே வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்தப் பழைய நீட்சி, 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆகவே நீங்கள் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் தளம் ஓடாது. பழைய குவெரி ஃபங்ஷனுக்கு குவெரியை (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையை) மட்டும் கொடுத்தால் திறந்திருக்கும் இணைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். புதியதில் இணைப்பை முதலிலும் குவெரியை அடுத்தும் கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில், வில்லியனூர் சுடுமண் பொம்மைகளை விற்கும் ஒரு கடையின் தளத்தை மாற்றித் தந்தபோது நான் கற்றதைச் சொல்கிறேன். பிரான்சில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் பலர் அக்கடையின் வாடிக்கையாளர்கள். அவர்களுள் ஒருவர் முகவரியில் 'ரூ த ல’எக்லீஸ்' என்று எழுதியிருந்தார். நடுவிலிருந்த அந்த ஒற்றை மேற்கோள் குறி குவெரியில் மேற்கோளுக்குள் இருந்த சரத்தை (ஸ்ட்ரிங்கை) பாதியில் முடித்துவிட, ஆர்டர் பதிவாகவே இல்லை. தற்செயலாக வந்த ஒரு குறி குவெரியை உடைக்க முடியுமென்றால், வேண்டுமென்றே எழுதுபவரால் உங்கள் அட்டவணையையே படித்துவிட முடியும். ஆதலால் பயனர் தரும் மதிப்புகளை குவெரிக்குள் ஒட்டாமல், கேள்விக்குறி இட்டுத் தனியே பிணைக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறைக்கு இப்போதே மாறிவிடுங்கள். வேலை கூடும், ஆயினும் ஒவ்வொரு குவெரியையும் எப்படியும் தொடத்தான் போகிறீர்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது தமிழ் எழுத்துகளில்தான். பழைய இணைப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்கத்தில் இருந்ததால், தமிழைப் பதியும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தின் பைட்டுகள் அட்டவணையின் லத்தீன்1 பத்திகளுக்குள் (நெடுவரிசைகளுக்குள்) அப்படியே போய், அப்படியே திரும்பி வந்து, பக்கத்தில் தமிழாகவே தெரிந்துகொண்டிருந்தன. புதிய இணைப்பில் முறைப்படி யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்-8இன் முழு வடிவம்) என்று குறித்ததும் பழைய பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாயின. சோதனைக்காக நான் புதிதாகச் சேர்த்த 'செல்வி' என்ற பெயரோ வெறும் கேள்விக்குறிகளாகப் பதிந்தது. முன்னதை மீட்கலாம், பின்னதை மீட்க வழியே இல்லை. நல்லவேளையாக நகலில்தான் சோதித்தேன்.

இந்த நிலை உங்களுக்கும் இருந்தால், பத்தியை நேரே யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றாதீர்கள், அது குழப்பத்தை நிலைப்படுத்திவிடும். முதலில் பைட்டுகளை மட்டும் வைக்கும் வார்பைனரி வகையாக மாற்றி, அதன்பின் எழுத்துகளை வைக்கும் யூடிஎஃப்8எம்பி4 வார்சார் வகையாக மாற்றுங்கள்; நடுவில் பைனரி வருவதால் சர்வர் பைட்டுகளைத் தொடாது. கட்டாயம் பேக்கப் எடுத்து, நகலில் பத்து வரிகளைக் கண்ணால் படித்துப் பார்த்த பிறகே உண்மையான அட்டவணையில் கை வையுங்கள்.

பல தரவுத்தளங்களோடு இணைக்கும் பிடிஓ என்ற பிஎச்பி நீட்சியும் நல்லதே. மைஎஸ்க்யூஎல் தவிர வேறு தரவுத்தளம் வர வாய்ப்பிருந்தால் அதையே எடுங்கள். பழைய நிரலின் வடிவம் பெரிதும் மாறாமல் விரைவில் முடிக்க வேண்டுமென்றால் மைஎஸ்க்யூஎல்ஐ போதும். பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்பு என்றால் பிழை அறிவிப்பை நீங்களே இயக்கிவிடுங்கள், இல்லையேல் தவறிய குவெரி சத்தமில்லாமல் கடந்து போய்விடும்.