மனசு ஓடினா ஓடட்டும், திரும்பி வந்தாச் சரி: ரீச்சரிட்ட கேட்ட கேள்வியள்

போன கிழமை நான் சும்மா ஒரு வரி எழுதிப்போட்டன், நாள் முழுக்க ஆண்டவர நினைச்சுக்கொண்டிருக்க ஏலும் எண்டு. அதுக்கு இவ்வளவு கேள்வி வருமெண்டு தெரிஞ்சிருந்தா வாய மூடிக்கொண்டு இருந்திருப்பன். நான் கன்னியாஸ்திரி இல்ல, கன வருசம் பிள்ளையளுக்கு மறைக்கல்வி படிப்பிச்ச ஒரு கிழவி, அவ்வளவுதான். தெரிஞ்சதச் சொல்லுறன்.

உவர்மலைத் தங்கச்சி ஒராள், நேர்ஸ்: ரீச்சர், நைட் டியூட்டி முடிஞ்சு வந்து செபமாலை சொன்னா ரெண்டாவது பத்து மணியிலயே மனசு வோர்டுக்குப் போயிடுது, அந்த பெட்டுக்கு சேலைன் மாத்தினனா இல்லையா எண்டு. இது ஒரு செபமா?

செபந்தான் மகள். மனசு ஓடினது உம்மட பிழை இல்ல. ஓடிட்டுது எண்டு பிடிபடுற நேரம் திரும்பி வாறீர் பாரும், அதுதான் விசயமே. பத்துத்தரம் ஓடினா பத்துத்தரம் ஆண்டவரிட்டத் திரும்பி வந்திருக்கிறீர் எண்டுதான் நான் கணக்குப் பாப்பன். 4ம் நூற்றாண்டில எவாக்ரியுஸ் எண்டொரு துறவி எகிப்து வனாந்தரத்தில இருந்தவர், மனசுக்க வந்து குழப்புற நினைவுகள சாப்பாட்டு ஆசையில தொடங்கி ஆணவம் வரைக்கும் எட்டு வகையாப் பிரிச்சு எழுதியிருக்கிறார். ஆளரவமில்லாத வனாந்தரத்திலயே அந்தப் பாடு எண்டா வோர்டில கேக்கவும் வேணுமே. அந்த பெட்டில கிடக்கிற ஆளுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லிப்போட்டு விட்ட மணியில இருந்து தொடங்கும். உண்மையா டவுட் எண்டா முதல்ல போன் எடுத்து வோர்டில கேளும், செபமாலை எங்கயும் ஓடாது.

ஓட்டோ ஓடுற தம்பி: அக்கா, பஸ் ஸ்டாண்டில ஹோர்ன் சத்தத்துக்க எப்பிடிச் செபிக்கிறது?

வேதத்தில நெகேமியா புத்தகம் 2ம் அதிகாரம் வாசியும். அவர் ராசாவுக்கு வைன் ஊத்திக் குடுக்கிறவர். உனக்கு என்ன வேணுமெண்டு ராசா கேக்கிறார், இவர் பதில் சொல்ல முதல் கடவுளிட்ட வேண்டிப்போட்டுத்தான் வாய் திறக்கிறார். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், ஒரு மூச்சு நேரம். நீரும் ஆள் ஏறி இருந்த உடன அப்பிடி ஒரு மூச்சு வேண்டும். காசு சொல்ல முதலும் வேண்டினா இன்னும் நல்லம், கொஞ்சம் குறைச்சுச் சொல்லுவீர்.

மூதூர் அண்ணை: "இயேசுவே இரங்கும்" எண்டு ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்லுறது மத்தேயு 6ல வேண்டாமெண்டு சொன்ன வெறும் பிதற்றல் இல்லையா?

நல்ல கேள்வி அண்ணை, நானும் ஒருகாலம் இதுல குழம்பினனான். அதே மத்தேயு 26:44அப் பாருங்கோ, கெத்சமனியில ஆண்டவரே மூண்டாந்தரமும் அதே வார்த்தையச் சொல்லித்தான் செபிச்சவர். கனக்கக் கதைச்சாத்தான் கடவுளுக்குக் கேக்கும் எண்ட நினைப்பத்தான் அவர் பிழை எண்டவர், திருப்பிச் சொல்லுறத இல்ல. எங்கட அப்பா கரைவலைக்குப் போனவர். வலை இழுக்கேக்க அம்பா பாடுவினம், ஒராள் எடுத்துக் குடுக்க மற்ற ஆக்கள் அதையே திருப்பிப் பாடுவினம், பாட்டு நிண்டா கால் பிசகும், இழுவை தளரும். கை வேலை செய்யுது, வாய் பாடுது, ரெண்டும் ஒண்டுக்கொண்டு இடைஞ்சல் இல்ல. கிழக்குத்திருச்சபைத் துறவியள் மூச்சோட சேத்துச் சொல்லுற "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" எண்ட செபமும் எனக்கு அம்பா மாதிரித்தான் படுகுது.

பாலையூற்று, மூண்டு பிள்ளையின்ர தாய்: காலமை அடுப்படி, பின்னேரம் ரியூசன் ஏத்தி இறக்கிறது. மரியாள் மாதிரி ஆண்டவற்ற காலடியில இருக்க எனக்கு எங்க நேரம்?

பரிசில கார்மேல் மடத்துச் சமையல்காரர் ஒராள் இருந்தவர், சகோதரர் லாரன்ஸ், 1691ல செத்தவர். முந்தி ஆமியில இருந்து காயப்பட்டு கால் ஊனம். அவருக்குக் குசினி வேலை பிடிக்கவே பிடிக்காதாம் (எனக்கு இதால தான் ஆளப் பிடிக்கும்). ஆனா சட்டி பானைச் சத்தத்துக்கயும் கோயில்ல முழந்தாள்ல நிக்கிற அதே அமைதியோட கடவுளோட இருந்தவர். அந்த மரியாளின்ர சகோதரி மார்த்தாவையும் ஆண்டவர் சமைச்சதுக்குப் பேசேல்ல, லூக்கா 10ல வடிவாப் பாரும், கனக்க விசயத்தப் போட்டுத் தலையுடைக்கிறாய் எண்டுதான் சொன்னவர். அரிசி களையேக்க ஒருக்கா, உலை கொதிக்கேக்க ஒருக்கா அவரக் கூப்பிடும், காணும்.

ஏஎல் எடுக்கிற பொடியன்: ரீச்சர், எனக்குப் போன்தான் பிரச்சினை.

எனக்கும்தான். படுக்க முதல் புனித இஞ்ஞாசியார் சொல்லித்தந்த மாதிரி அண்டைய நாள ஒருக்கா ஓட்டிப் பாரும், எங்க நன்றி சொல்ல இருந்தது, எங்க வழுக்கினது எண்டு. அந்த நேரம் போன் மற்ற அறையில கிடக்கட்டும்.

பேர் போட வேண்டாமெண்ட ஒராள்: 2004ல கடல் தம்பியக் கொண்டுபோச்சு. கடவுள நினைச்சாலே கோவம்தான் வருது.

கோவத்தோடயே நினையும் ராசா. திருப்பாடல் 88 எடுத்து வாசியும், கடைசி வரிவரைக்கும் முறைப்பாடுதான், ஒரு ஆறுதலும் இல்லாமலே முடியுது, அதையும் வேதத்துக்க வச்சிருக்கினம். செபமாலை, அம்பா ஒண்டும் இப்ப வேண்டாம். தம்பின்ர பேர மட்டும் அவரிட்டச் சொல்லும். கடற்கரைக்குப் போக மனம் வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடும், நானும் வாறன்.