"பாங்கொக்கிலிருந்து சியாங் மாய்க்கு அம்மாவோடு போகிறோம். இரவு ரயிலா, விமானமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் இருப்பது யாழ்ப்பாணத்தில். போன வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர் இதே பாதையில் போனோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. போகும்போது ரயில், வரும்போது விமானம். அதனால் இரண்டையும் பற்றிச் சொல்லலாம்.

காசு மிச்சம் பிடிக்கத்தான் ரயில் என்றால், விட்டுவிடுங்கள். நாங்கள் போனபோது இரண்டாம் வகுப்புக் கீழ்ப் படுக்கை ஆயிரம் பாத்துக்குக் கொஞ்சம் மேலே. விமானத்தை வேளைக்கே பதிவு செய்தால் கிட்டத்தட்ட அதே காசு, பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம். ஓர் இரவு ஹொட்டல் காசு மிஞ்சும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். காலை ஏழேகாலுக்குப் போய் இறங்குவீர்கள், அறை பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியை ஹொட்டலில் வைத்துவிட்டு, குளிக்காத முகத்தோடு ஊர் சுற்ற வேண்டும்.

ஆனாலும் அம்மாவோடு என்றால் ஒரு வழியாவது ரயிலில் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் நிலையம். பழைய பதிவுகளில் எல்லாம் ஹுவா லம்போங் நிலையம் என்று இருக்கும். 2023 ஜனவரி 19 முதல் சியாங் மாய் ரயில்கள் அங்கிருந்து புறப்படுவதில்லை, குருங் தெப் அபிவட் என்ற புதிய நிலையத்திலிருந்துதான். நிலக்கீழ் ரயிலில் வந்து பாங் சூவில் இறங்கினால் அப்படியே உள்ளே நடந்து போகலாம். நிலையம் விமான நிலையம் போலப் பெரியது, நடை கூட. வயதானவர்களோடு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்விடுங்கள்.

ஒன்பதாம் இலக்க ரயில் மாலை 6.40க்குப் புறப்படும். 2016 இல் ஓடத் தொடங்கிய சீனத் தயாரிப்புப் பெட்டிகள். ஏறும்போது படுக்கை எதுவும் கண்ணில் படாது, எதிரெதிராக இருக்கைகள்தான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. "படுக்கை எண்டல்லோ சொன்னனீ?"

இரவு எட்டு மணியளவில் பெட்டிப் பணியாளர் வந்தார். எதிரெதிர் இருக்கைகள் இரண்டையும் இழுத்துச் சேர்த்தார், அது கீழ்ப் படுக்கை. சுவரில் மடித்திருந்த மேற்படுக்கையைச் சாவி போட்டு இறக்கினார். மெத்தையை விரித்து, பொலித்தீன் பையைக் கிழித்து வெள்ளை விரிப்பை எடுத்து உதறி, தலையணைக்கு உறை போட்டு, திரையைக் கொழுவிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. வரிசையாகத் திரைகளும் வெள்ளை விரிப்புகளும் குளிருமாக இருந்த பெட்டியைப் பார்த்து அம்மா சொன்னா, "உதென்ன கோச்சி, ஆசுப்பத்திரி வாட் மாதிரிக் கிடக்கு."

அம்மாவுக்குத் தெரிந்தது எங்கள் கொழும்பு மெயில் கோச்சி. மூன்றாம் வகுப்பில் இருக்கைக்குக் கீழே பேப்பர் விரித்து என்னையும் தம்பியையும் படுக்கவைத்துவிட்டு, மதவாச்சி வரை கண் மூடாமல் இருந்த கதையை இப்போதும் சொல்லுவா. 1990 இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்டோபரில்தான். எங்கள் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம், தாய்லாந்தில் ஒரு மீற்றர்தான். அந்த ஒடுங்கிய பாதையில் ஓடுகிற ரயிலில் அம்மா ஒன்பது மணிக்குக் குறட்டை விட்டா.

அதுவும் கீழ்ப் படுக்கை கிடைத்ததால்தான். ஓர் இடைத்தரகர் இணையத்தளத்தில் ரிக்கெற் எடுத்தேன். "கீழ்" என்று குறித்துக் கொடுத்தும் மூன்றும் மேலே வந்துவிட்டன. அம்மா அந்த ஏணியில் ஏறுவது நடக்காத காரியம். எதிரே இருந்த தாய்லாந்துப் பெரியவர் ஒருவர் நான் கேட்க முன்னமே நிலைமையைப் புரிந்துகொண்டு, தன் கீழ்ப் படுக்கையைக் காட்டிவிட்டு மேலே ஏறிவிட்டார். அம்மா சும்மா விடுவாவா? ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பருத்தித்துறை வடையில் பாதியை அவர் கையில் திணித்தா. நூறு பாத் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, கீழ்ப் படுக்கையையே எடுங்கள். ரயில்வேயின் சொந்தத் தளத்தில் படுக்கையைப் படம் பார்த்துத் தெரிவு செய்யலாம். மேற்படுக்கை ஒடுக்கம், யன்னல் இல்லை, கூரை விளக்கு இரவு முழுக்க எரியும். நான் மூன்று மணித்தியாலம் தூங்கியிருந்தால் அதிகம்.

குளிர் விளையாட்டில்லை. தருகிற போர்வை எனக்குப் போதவில்லை. நுவரெலியாவுக்கென்று வாங்கிய கம்பளித் தொப்பியை அம்மா பாங்கொக் வெயிலுக்குக் கொண்டு வந்தபோது சிரித்தோம், இரவில் அதைக் கேட்டு வாங்கிப் போட்டவன் தம்பி.

சாப்பாட்டை ஏறமுன்னமே வாங்கிவிடுங்கள். சைவம் என்றால் "ஜே" என்று சொல்ல வேண்டும். கடைகளில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாகப் போட்டிருப்பார்கள். அதைச் சொல்லாவிட்டால் மரக்கறிப் பிரட்டலிலும் மீன் சோஸ் விழும். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. அம்மா வாழைப்பழமும் மிச்ச வடையுமாகச் சமாளித்தா.

பயம் வேண்டாம். 2014 இல் ரயிலில் மதுவைத் தடை செய்துவிட்டார்கள், இரவில் சத்தம் சந்தடி இல்லை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப்பெட்டியும் உண்டு, பெண் ஒருவர் தனியே போவதென்றால் அதைக் கேளுங்கள். கழிப்பறை இரவில் சுத்தம், விடிய எழும்பி வரிசையில் நிற்கிற நேரம் அவ்வளவு சொல்லமுடியாது.

காலை ஐந்தரைக்கு அலாரம் வையுங்கள். லம்பாங் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கி, குன் தான் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும். 1352 மீற்றர் நீளம். 1907 இல் தொடங்கி 1918 இல் முடித்தார்கள். வேலையைப் பார்த்த ஜெர்மன் பொறியியலாளர் ஐசன்ஹோபரின் அஸ்தி சுரங்க வாசலிலேயே இருக்கிறது. நாங்கள் போனபோது இன்னும் சரியாக வெளிக்கவில்லை, மூங்கில் காடு கறுப்பாகத் தெரிந்தது. மலையிறங்கி லம்பூன் பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் பச்சை வயல். அம்மா கீழ்ப் படுக்கையில் சம்மணமிட்டு, யன்னலில் நெற்றியை வைத்து, ஒன்றும் கதைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தா. எங்கள் மெயில் கோச்சி ஆனையிறவை இருட்டிலேயே கடந்துவிடும்.

திரும்பும் விமானத்தில் அம்மாவுக்கு நடு இருக்கை. இறங்கியபிறகு, "இவ்வளவுதானோ?" என்று மட்டும் கேட்டா.