மேல்மண் அரிப்புக்கு அபராதம்: முதலில் சரிவைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. அமெரிக்காவில் மூடிச் சீரமைத்த உங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில், சரிவின் மேல்மண் மழையில் அரித்து ஓடை விழுந்ததற்கு அபராதம் வந்திருக்கிறது, பேசி முடிப்பதா வழக்காடுவதா என்று கேட்டிருந்தீர்கள்.

மேற்பரப்புச் சுரங்கங்களையும் அவற்றின் சீரமைப்பையும் ஒழுங்குபடுத்தும் 1977 கூட்டரசுச் சட்டத்தின் விதிகளில் உத்தேச அபராதக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பேச்சுவார்த்தைக் கூட்டம் கேட்கலாம். வழக்காடினால் தொகையை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். மாநில விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அபராதம் கணக்கிட நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: பழைய மீறல்கள், பாதிப்பின் கடுமை, கவனக்குறைவு, சரிசெய்வதில் காட்டிய வேகம். கடைசியானது மட்டும்தான் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் இன்றே வேலையைத் தொடங்குங்கள். ஓடையில் வெறுமனே மண்ணைக் கொட்டினால் அடுத்த மழையில் அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். மேலே தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்துத் திருப்பிவிடுங்கள். ஓடையின் இரு விளிம்பையும் கொத்தி, பழைய மண்ணோடு புது மண் கலக்கும்படி நிரப்பி, விதைத்து, வைக்கோல் பரப்பி, அது பறக்காமல் மண்ணுக்குள் அழுத்துங்கள். அளவுகோலை நட்டு, தேதியோடு படம் எடுங்கள்.

எனக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை உங்கள் பிணைத்தொகைதான், அதாவது சீரமைப்புக்கு ஈடாக நீங்கள் கட்டிவைத்த உத்தரவாதம். மறுவிதைப்பைக் கூடுதல் விதைப்பாகக் கருதிவிட்டால் பொறுப்புக் காலம், அதாவது செடிகொடி நிலைத்து வளர்வதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டிய காலம், முதலிலிருந்து தொடங்கும்: ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் என்றால் 5 ஆண்டு, இல்லையென்றால் 10. இந்தப் பழுதுபார்ப்பு வழக்கமான பராமரிப்பாகவே கருதப்படும் என்று உடன்பாட்டில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.