காலநிலைப் பொருளாதாரம் படிக்கணும் என்று மகள் சொன்னால்

மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள், காலநிலைப் பொருளாதாரம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் அவள் முதலில் பொருளாதாரம் தெரிந்தவளாக வேண்டும், காலநிலை அப்புறம்தான். இந்த வரிசை மாறிப்போய்த் தவிக்கிற பிள்ளைகள் உண்டு: பெயரிலேயே காலநிலை இருக்கிறதே என்று ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, எல்லாவற்றையும் மேலோட்டமாகக் கேட்டுவிட்டு, முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கும் புள்ளியியலும் போதவில்லை என்று நிற்பார்கள்.

இந்த வேலை என்ன என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்று வெளியேறும் கார்பன் நூறு வருடம் கழித்து 100 கோடி டாலர் சேதம் செய்யும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க இன்றைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? எதிர்காலச் சேதத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு கழிவு வீதம் வேண்டும், அதாவது வருங்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்துப் பார்ப்பது என்ற எண். ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்று எடுத்தால் சுமார் 25 கோடி வரும், 4 சதவீதம் என்று எடுத்தால் வெறும் 2 கோடிதான். 2006-ல் பிரிட்டன் அரசுக்காகப் பொருளாதார வல்லுநர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை ஏறக்குறைய அந்த 1.4-ஐ வைத்துத்தான் உடனே பெரிய நடவடிக்கை வேண்டும் என்றது. அமெரிக்கப் பொருளாதார வல்லுநர் வில்லியம் நோர்ட்ஹாஸ் அதைவிடக் கூடுதலான வீதத்தை வைத்து, சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்று வாதிட்டார். நோர்ட்ஹாஸுக்கு 2018-ல் நோபல் கிடைத்தது, ஆனாலும் சண்டை ஓயவில்லை, ஏனென்றால் அந்தச் சின்ன எண்ணுக்குள் இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் நலனுக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம் என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. மகளை இந்த விவாதத்தைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு உங்களிடம் வந்து வாதாடினாள் என்றால் ஆசை உண்மையானது.

வேலை எங்கே என்றால், அரசின் நிதி, எரிசக்தித் துறைகள், உலக வங்கி மாதிரியான அமைப்புகள், மறுகாப்பீட்டு நிறுவனங்கள் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை), ஆலோசனை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள். மத்திய வங்கிகளும் இதில் இறங்கிவிட்டன: 2017-ல் எட்டு மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் சேர்ந்து ஆரம்பித்த கூட்டமைப்பில் இன்று நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் கார்பன் வரியை 1990-லேயே பின்லாந்து கொண்டுவந்தது, கார்பன் வெளியேற்றும் உரிமைகளை நிறுவனங்கள் வாங்கி விற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தை 2005-ல் தொடங்கியது. இவற்றால் உமிழ்வு குறைந்ததா, விலை ஏற்றம் யார் தலையில் விழுந்தது என்று தரவை வைத்துக் கண்டுபிடிக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். இளங்கலையில் பொருளாதாரம், கூடவே கணிதமும் புள்ளியியலும், முடிந்தால் ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் தரவைக் கையாளும் பழக்கம். முதுகலையில் எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல், வலுவாக இருக்க வேண்டும், வெயில் கூடியதால் விளைச்சல் குறைந்ததா இல்லை வேறு காரணமா என்று பிரித்துப் பார்க்கிற வித்தை அதில்தான் இருக்கிறது. முதுகலையோடு பகுப்பாய்வாளர் வேலைக்குப் போகலாம். சொந்தமாக ஆய்வு நடத்த, பேராசிரியராக முனைவர் பட்டம் தேவை, அதற்கு இன்னும் சில வருடங்கள் ஆகும். ஆனால் அந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டாம், முதுகலை முடித்து ஓரிரு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.

அவளுக்குக் கணக்கு நிஜமாகவே கசக்கிறதா என்று மட்டும் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். கசக்கிறது என்றால் சுற்றுச்சூழல் சட்டம், பொதுக் கொள்கை என்று இதே அக்கறைக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அதைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.