போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை: எதைச் சோதிப்பது, எப்படி எடுப்பது?

கேள்வி: பெங்களூரை ஒட்டி ஆனேக்கல் பக்கம் ஒரு ஏக்கரில் கீரையும் கொத்தமல்லியும் போடுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். மழைக்கு அப்புறம் போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது, தொட்டியில் வானவில் மாதிரி படலம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், எல்லாம் சரி என்று சீட்டு வந்தது. நம்பலாமா?

பதில்: அக்கா, இந்த விஷயத்துக்கு அந்தச் சீட்டு உதவாது. அவர்கள் பார்த்தது கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து. பெட்ரோலைத் தேடவே இல்லை. டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பைத்தான் காட்டும்.

முதலில், சரியான சோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், மாட்டுக்கு வைக்காதீர்கள், கீரைக்கும் விடாதீர்கள். கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், பெட்ரோலில் உள்ள பென்சீன் ஆவியாகி அடுப்படி முழுக்கப் பரவும். அது புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அந்த அளவு மூக்குக்குத் தெரியவே தெரியாது. அதனால் வாடை போய்விட்டது என்பதற்காகத் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொட்டிப் படலத்தை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் அநேகமாக இரும்பு பாக்டீரியா, நம் பக்கத்துப் போர்களில் வருவதுதான். கீறின இடம் உடனே திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய் என்று சந்தேகப்படலாம். அப்புறம் உங்கள் மோட்டார் ஆயில் நிரப்பியதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், சீல் போனாலும் படலம் வரும். பங்க்காரரைக் கேட்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பெட்ரோல் காற்றில் பறந்துவிடும், அதனால் மாதிரியை எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. பிளாஸ்டிக் கேனில் பிடித்து, ரெண்டு நாள் வைத்திருந்து கொடுத்தால், கெட்ட தண்ணீருக்கும் நல்ல சீட்டு வந்துவிடும். ஆய்வகமே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தரும். உள்ளே சில துளி அமிலம் இருக்கும், கழுவிவிடாதீர்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்னால் உள்ள குழாயிலிருந்து மெல்லிசாகத் திறந்து, நுரைக்காமல், விளிம்பில் தண்ணீர் மேடு கட்டும்வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துப் பாருங்கள்: ஒரு குமிழி ஏறினாலும் இன்னொரு குப்பியில் மறுபடி எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

மண்ணுக்கு, நாம் வழக்கமாகச் செய்வது போல பல இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தவே கூடாது, உலரும்போது பெட்ரோலும் போய்விடும். மேல்மண் சுத்தமாக இருந்து அடியில் ஊறியிருக்கலாம். ஆகவே வேலியோரம் ஆழத் துளையிட்டு, வந்த மண்ணை அப்படியே குப்பியில் அடைக்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பங்க்கிலிருந்து தள்ளியிருக்கும் நிலத்தின் மறுகோடியிலிருந்தும் ஒன்று எடுங்கள்.

பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும், கூடவே பெட்ரோல், டீசல் வகை ஹைட்ரோகார்பன் மொத்த அளவையும் கேளுங்கள். ஆய்வகத்தின் என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இந்தச் சோதனைகளுக்கும் சேர்த்துத்தானா என்று முன்பே விசாரியுங்கள். பக்கத்துப் போர்களையும் பாருங்கள்: இங்கே செம்மண்ணுக்கு அடியில் கருங்கல், தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடுகிறது, பங்க்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் போர் தப்பி, தள்ளியிருப்பது மாட்டிக்கொள்வதும் உண்டு.

கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அவர்களும் மாதிரி எடுக்கட்டும். பங்கில் தினமும் பெட்ரோல் தொட்டியில் அளவுகோல் விட்டு இருப்பு எழுதுவார்கள், கசிவு இருக்கிறதா என்று அறிய அந்தக் கணக்கையும் வாரியத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், தீக்குச்சியும் கிழிக்காதீர்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும். இந்தத் தண்ணீர் பாய்ந்த பாத்திகளின் கீரையை முடிவு வரும்வரை சந்தைக்கு அனுப்பாதீர்கள். நஷ்டம் என்று தெரியும் அக்கா, ஆனாலும் அனுப்ப வேண்டாம்.