மூன்றாம் ஆண்டிலேயே பீமில் விரிசல்: பில்டர்தான் பொறுப்பு

வீட்டுச் சாவி வாங்கிய மூன்றாம் ஆண்டிலேயே பீமில் விரிசல் விழுந்துவிட்டது, பில்டர் சரிசெய்ய மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "ஒரு வருட வாரன்டி முடிந்துவிட்டது" என்று உங்கள் பில்டர் சொல்வதை ஏற்காதீர்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் பிரிவு 14(3)-ன்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் பணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் நிற்கும்.

பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல், கூடவே துருக்கறை என்கிறீர்கள். அது வெறும் பூச்சு விரிசல் போலத் தெரியவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும்போது இப்படித்தான் வரும். பெரும்பாலும் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், போதாததுதான் காரணம். தயவுசெய்து அதன்மேல் பட்டி பூச விடாதீர்கள், ஆதாரமே மறைந்துவிடும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கவர் மீட்டர் (கவர் தடிமனை அளப்பது), கார்பனேஷன் (கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்று பார்ப்பது) சோதனை அறிக்கை வாங்கி, நோட்டீஸுடன் பில்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாள் கடந்தால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்கு ரெராவின் தீர்ப்பு அலுவலரிடம் தனி மனு போட வேண்டும்.