40 பைசா மலிவான பங்க்கைத் தேடிப் போகலாமா?

கேள்வி: கடலூரில் மூன்று சின்ன டீசல் லோடு வண்டிகள் வைத்திருக்கிறேன். ஆப்பில் பார்த்தால் ஊருக்குள்ளேயே பங்க்குக்குப் பங்க் 20 முதல் 40 பைசா வரை வித்தியாசம் தெரிகிறது. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு. எங்கள் ஷெட்டிலிருந்து 12 கி.மீ. ஒரு ஏஜென்ட் 8 ரூபாய் குறைத்து ஷெட்டுக்கே கொண்டுவந்து ஊற்றுவதாகச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கும் என் மைத்துனர் முந்தின நாளே விலை பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் போடுவாராம். நாமும் எல்லோரும் மலிவான பங்க்குக்கே போனால் மற்றவர்கள் விலையை இறக்க மாட்டார்களா?

பதில்: உங்கள் மைத்துனர் செய்வது அந்த ஊருக்குச் சரி. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஃப்யூயல்வாட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கும் நாளைய விலையை இன்று பகல் 2 மணிக்குள் அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் அதை மாற்றக் கூடாது. விலை வைப்பது பங்க் நடத்துபவர்கள். அதனால் அங்கே நீங்கள் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறீர்கள் என்பதற்கு மதிப்பு உண்டு.

இங்கே இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றின் கையில்தான் பத்தில் ஒன்பது பங்க்குகள். விலை கம்பெனியிலிருந்து வருகிறது. காலை 6 மணிக்குப் பம்பில் ஏறுகிறது. டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். டீசலுக்குச் சுமார் 3 ரூபாய். விலைப் பலகையில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை. நீங்கள் பார்க்கும் 40 பைசா பெரும்பாலும் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்கான டெப்போவிலிருந்து அந்த பங்க்குக்கு டேங்கர் வந்துபோகும் வாடகை வித்தியாசம். மலிவான பங்க்குக்கு ஊரே திரண்டு போனாலும் பக்கத்து பங்க்கின் டெப்போ கிட்டே நகர்ந்து வராது.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசலுடையது 2014 அக்டோபரிலும் போய்விட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை மாற்றம் என்றார்கள். அந்தத் தினசரி மாற்றத்தின் லட்சணம், 2022 மே மாத வரிக் குறைப்புக்குப் பிறகு 2024 மார்ச் வரை கச்சா எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் பலகை அசையாமல் நின்றது. அசைந்தபோது 2 ரூபாய் குறைந்தது. மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள். கட்டுப்பாடு நீங்கிவிட்டது என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு இப்படி நடத்தினால், விலைப் போட்டியை நுகர்வோர் எங்கிருந்து கொண்டுவருவார்?

தனியார் பங்க்குகள் மட்டும் வேறு கதை. மற்றவர்கள் அசையாமல் இருந்த 2023-இல் நயாராவும் ஜியோ-பிபியும் ஒரு ரூபாய் குறைத்து விற்றன. கச்சா எண்ணெய் எகிறிய 2022-இல் அதே தனியார் பங்க்குகளில் விலை கூடுதலாக இருந்தது. ஆகவே தனியார் பங்க் என்றால் உள்ளே திரும்புவதற்கு முன் பலகையைப் பாருங்கள். 'இன்று கடலூரில் டீசல் விலை' என்று செய்தித் தளங்கள் போடும் ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். கம்பெனிகளின் சொந்த ஆப்களில் அந்தந்த பங்க்கின் விலையே வரும்.

இனி 40 பைசாவுக்கு வருவோம். ஐந்து லிட்டர் அளவைச் சோதனையில் 25 மில்லி கூடவோ குறையவோ சட்டம் அனுமதிக்கிறது. அதாவது அரை சதவீதம். டீசல் 92 ரூபாய் என்றால் லிட்டருக்கு 46 பைசா. ஒரு பம்ப் 25 மில்லி குறைவாகவும் இன்னொன்று 25 மில்லி கூடுதலாகவும் ஊற்றினால் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 92 பைசா வித்தியாசம். இரண்டும் முத்திரை பெற்ற, சட்டப்படி சரியான பம்புகளே. நீங்கள் துரத்தும் 40 பைசா இதற்குள் அடங்கிப் போகிறது. பலகையில் தெரியும் விலையில் போட்டி இல்லை, லிட்டரில் இருக்கிறது. டீலருக்கு விற்பனை அளவுதான் வருமானம். மாதம் சில நூறு லிட்டர் போடும் மூன்று வண்டிக்காரர் கோபித்துக்கொண்டு எதிர் பங்க்குக்குப் போனால் டீலருக்கு உறைக்கும்.

எனவே ஒப்பிட வேண்டியது கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதை. ஒரே வண்டி, ஒரே தடம், ஏறக்குறைய ஒரே லோடு. டேங்க்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறியுங்கள். ஓடி முடித்து அதே பங்க்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி நிரப்புங்கள். டீசல் நுரைக்கும். அதனால் டேங்க் நிரம்பியதும் தானாக நிறுத்தும் ஆட்டோ கட் ஒரு முறை முன்னதாகவும் ஒரு முறை பின்னதாகவும் விழும். ஒரு நிரப்பலில் ஒரு லிட்டர் வரை கணக்கு புரளலாம். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், மூன்று நிரப்பலைக் கூட்டிச் சராசரி எடுங்கள். பிறகு அடுத்த பங்க்கில் இதையே செய்யுங்கள். அரை சதவீதத்தை இதில் பிடிக்க முடியாது. லிட்டருக்கு 50 மில்லி திருடுகிற பம்ப் மாட்டிக்கொள்ளும்.

சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையைக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டியது பங்க்கின் கடமை, கட்டணம் இல்லை. அளவையில் முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்த அளவையில் நேரே ஊற்றினால் உட்சுவரில் ஒட்டும் டீசல் காரணமாக மட்டம் குறைவாகக் காட்டும். நேர்மையான பங்க்கோடு வீண் சண்டை வரும். ஒரு முறை நிரப்பிக் கொட்டி, சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, சமதரையில் வைத்து, சைபரிலிருந்து 5 லிட்டர் ஊற்றச் சொல்லிக் கழுத்துக் கோட்டில் பார்வையைச் சமமாக வைத்துப் படியுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனையை நிறுத்தியாக வேண்டும். வடிகட்டித் தாள் சோதனை பெட்ரோலுக்கு மட்டும். டீசல் எப்படியும் கறை விடும். அடர்த்திக் கணக்கை விட்டுவிடுங்கள், வெப்பநிலைத் திருத்தம் தெரியாமல் அதில் இறங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

100 ரூபாய்க்குப் பதில் 110-க்குப் போடு, விடியற்காலையில் போடு என்பவை வாட்ஸ்அப் வைத்தியம். பம்புக்கு ரவுண்டு எண் தெரியாது. நிலத்தடி டேங்க்கில் காலைக்கும் மாலைக்கும் சூடு பெரிதாக மாறாது. உண்மையான ஏமாற்று எளிமையானது. 1,000 ரூபாய்க்குக் கேட்டால் 200-இல் நிறுத்தி, "சரியாக் கேக்கல சார், மீதியையும் போட்டுடறேன்" என்று சைபருக்குத் திரும்பாமல் 800 வரை ஓட்டுவார்கள். நீங்கள் 1,000 கொடுத்துவிட்டுப் போவீர்கள். இடையில் நின்றால் அதுவரை போட்டதற்கு ஒரு பில், சைபரிலிருந்து அடுத்ததற்கு ஒரு பில். டிரைவரிடம் கையால் எழுதிய பில்லை ஒருபோதும் வாங்காதீர்கள். இயந்திர பில்லில் நாசில் எண், லிட்டர், விலை, நேரம் நான்கும் இருக்கும்.

புதுச்சேரிக் கணக்கு. அங்கே குறைவாக இருப்பதற்கு ஒரே காரணம் வரி. தமிழ்நாட்டில் டீசலுக்கு மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும். புதுச்சேரியில் அதைவிடக் குறைவு. எரிபொருளை ஜிஎஸ்டியில் சேர்ப்பதை 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில் பேசிவிட்டு ஒத்திப்போட்டது. மாநிலங்களும் விடாது, மத்திய அரசும் விடாது. உங்கள் வண்டி டேங்க் 30 லிட்டர் என்றும், ஒரு தடவையில் 26 லிட்டர் பிடிக்கும் என்றும், மைலேஜ் 16 என்றும் வைப்போம். மிச்சம் 130 ரூபாய். போக வர 24 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர்; 87 ரூபாய் வீதம் 130 ரூபாய் 50 பைசா. டயர் தேய்மானம், டிரைவரின் ஒரு மணி நேரம் தனி. மெனக்கெட்டுப் போனால் நஷ்டம்.

ஆனால் சரக்கு இறக்க எப்படியும் அந்தப் பக்கம் போகும் வண்டி என்றால் கணக்கு தலைகீழ். இதை விவரமாகவே சொல்கிறேன், பலர் பாதியைச் செய்து பாதியைக் கோட்டை விடுகிறார்கள். முதல் நாள் மாலையே கடலூரில் நிரப்புவதை நிறுத்துங்கள். 5, 6 லிட்டரோடு எல்லையைத் தாண்டினால்தான் அங்கே 24, 25 லிட்டர் பிடிக்கும். அரை டேங்க்கோடு போய் 10 லிட்டர் போடுவது 50 ரூபாய் ஆதாயம், அவ்வளவே. அதற்காக முள் அடிமட்டம் தொடும்வரை ஓட்டாதீர்கள். டீசல் லைனில் காற்றுப் புகுந்தால் மெக்கானிக் வந்து காற்றெடுக்க வேண்டும்; ஒரு மாத மிச்சம் அன்றே போய்விடும். போகும்போது போடாமல் திரும்பும்போது போடுங்கள், அங்கே ஓடும் தூரத்துக்கு உள்ளூர் டீசலே கரையட்டும். ஒரே வண்டியைத் தினமும் அனுப்பாமல் மூன்றையும் முறை வைத்து அனுப்பினால் மூன்று டேங்க்கும் நிரம்பும். சரக்கு எல்லைக்கு 3 கி.மீ. இப்பால் இறங்குகிறதா? அப்போதும் போகலாம்: கூடுதல் ஓட்டம் 6 கி.மீ., செலவு 33 ரூபாய், மிச்சம் 130. கேனிலோ டிரம்மிலோ பிடித்து வந்து மற்ற வண்டிகளுக்கு ஊற்றும் எண்ணம் மட்டும் வேண்டாம். வழியில் நிறுத்தினால் வரி ஏய்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். கூடுதல் டேங்க் வெல்டிங் வைப்பதும் அதே தலைவலி. பதிவுச் சான்றான ஆர்சியில் இல்லாத மாற்றம், தகுதிச் சோதனையான எஃப்சியில் நிற்கும், இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

ஏஜென்ட் விஷயத்துக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. டீலர் தன் 3 ரூபாய்க் கமிஷனை முழுக்க விட்டுக்கொடுத்தாலும் 8 ரூபாய் குறையாது. ஒன்று, வரி கட்டாத டீசல். அல்லது டீசலே அல்ல. 'பயோ டீசல்', 'இண்டஸ்ட்ரியல் ஆயில்' என்ற பெயரில் கரைப்பானும் கழிவெண்ணெயும் கலந்து வருவதுதான் அதிகம். 2020 ஏப்ரல் முதல் நாம் வாங்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் இருக்கக் கூடாது. உங்கள் வண்டியின் இன்ஜெக்டரும் சைலன்சருக்கு முன்னுள்ள வடிகட்டியும் அந்தச் சுத்தத்துக்குச் செய்தவை. கலப்பு எண்ணெய் முதல் வாரம் நன்றாகவே ஓடும். அதுதான் ஏஜென்ட்டுக்கு விளம்பரம். பிறகு புகை, இழுவைக் குறைவு, இன்ஜெக்டர் அடைப்பு. பில் இல்லை, வாரண்டி போய்விடும், அவருடைய போனும் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும். அனுப்பிவிடுங்கள்.

இந்த ஏஜென்ட்டுக்குத் தம்பி மாதிரி இன்னொருவர் 'ஃப்ளீட் கார்டு வாங்கித் தருகிறேன், 2,000 ரூபாய் கட்டுங்கள்' என்று வருவார். எக்ஸ்ட்ராபவர், ஸ்மார்ட்ஃப்ளீட், டிரைவ்டிராக் பிளஸ் மூன்றும் வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் போட அந்தந்த எண்ணெய்க் கம்பெனி நேரே தரும் கார்டுகள். பங்க் மேனேஜரிடமே விண்ணப்பம் கிடைக்கும். நடுவில் ஆள் எதற்கு? கார்டின் ரகசிய பின் எண்ணை அவரிடம் கொடுத்தால் உங்கள் கணக்கில் யார் வண்டியோ ஓடும். கிரெடிட் கார்டில் '1 சதவீத சர்சார்ஜ் தள்ளுபடி' என்றாலும் அதன் மீதான ஜிஎஸ்டி பெரும்பாலும் திரும்பி வராது: 2,400 ரூபாய்க்கு 4 ரூபாய் 32 பைசா. 26 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்குச் சுமார் 17 பைசா. உங்கள் 40 பைசாவில் ஏறக்குறையப் பாதி அங்கேயே போயிற்று.

அளவில் குறை கண்டால் அங்கேயே புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதுங்கள். கேட்டால் தர மறுக்கக் கூடாது. பிறகு தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் தெரிவியுங்கள். பில்லின் படம், நாசில் எண், நேரம், எத்தனை மில்லி குறைவு என்பதும் அதில் இருக்கட்டும். 'அந்த பங்க்கில் ஏமாற்றுகிறார்கள்' என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் ஒரு வாரம் கழித்து வருவார், அதற்குள் பம்ப் சரியாகவே ஊற்றிக்கொண்டிருக்கும்.